டெமோவில் தெரியாத செலவு

ஒரே ஒரு புகைப்படம். அதை வைத்துக்கொண்டு, அமெரிக்காவின் ரைட் எய்ட் மருந்துக்கடைகளில் ஓடிய முக அடையாள மென்பொருள் ஐந்தே நாட்களில் 900-க்கும் மேற்பட்ட முறை "இதோ, அந்த ஆள் வந்துவிட்டார்" என்று எச்சரிக்கை அனுப்பியது. அதுவும் நியூயார்க்கிலிருந்து சியாட்டில் வரை, 130-க்கும் அதிகமான கடைகளில். ஒரே ஆள் ஐந்து நாளைக்குள் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் அத்தனை கடைகளுக்குள் நுழைந்து வெளியேற முடியாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மென்பொருளுக்குத் தெரியாது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை, அதன் வேலை அது இல்லை. அந்த எண்ணிக்கையைப் பார்த்து "என்ன நடக்கிறது இங்கே?" என்று கேட்க வேண்டிய பொறுப்பு அந்த நிறுவனத்தில் யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை என்பதுதான் விஷயம்.

இந்தத் தகவல் வெளியே வந்தது 2023 டிசம்பரில், அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தாக்கல் செய்த புகார் மனு மூலம். புதுத் தொழில்நுட்பம் ஒன்றை வாங்கும் நிறுவனம் தனியுரிமை, பாதுகாப்பு, அறம் ஆகிய மூன்றையும் எடைபோட வேண்டும் என்று எல்லா மேலாண்மைக் கருத்தரங்கிலும் சொல்கிறார்கள். சொல்வது எளிது. எடைபோடாமல் விட்டால் தரையில் என்ன நடக்கும் என்பதற்கு இந்த வழக்கைப்போல் விவரமான ஆவணம் குறைவு. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ரைட் எய்டின் பிரச்சினை உண்மையானது. கடைத் திருட்டு. ஷாம்பு, சவரக் கத்தி, மாத்திரை என்று கைக்கு அடக்கமான பொருட்கள் காணாமல் போய்க்கொண்டே இருக்கும். முன்பு திருடியவர்களின் படங்களைச் சேமித்துவைத்து, அவர்கள் மறுபடி கடைக்குள் நுழைந்தால் ஊழியரின் கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவி இருந்தால் நல்லதுதானே? இரண்டு வெளி நிறுவனங்களிடமிருந்து மென்பொருளை வாங்கினார்கள். 2012-இல் தொடங்கி 2020 வரை, சில நூறு கடைகளில் அது ஓடியது. பட்டியலில் பல பத்தாயிரம் பேரின் முகங்கள் சேர்ந்தன.

அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன? சிசிடிவி காட்சியிலிருந்து வெட்டி எடுத்தவை, ஊழியர்கள் தங்கள் கைப்பேசியில் பிடித்தவை, சில நேரம் செய்தியில் வந்தவை. மங்கலான படம், பாதி முகம், பக்கவாட்டில் திரும்பிய தலை, எல்லாம் உள்ளே போயின. படத்தின் தரத்துக்கென்று விதி காகிதத்தில் இருந்தது. ஆனால் முடிந்தவரை அதிகம் பேரைச் சேர்க்கச் சொல்லித்தான் ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எச்சரிக்கை வரும்போது, இந்தப் பொருத்தம் எவ்வளவு உறுதி என்று காட்டும் மதிப்பெண் பெரும்பாலும் ஊழியருக்குக் காட்டப்படவில்லை. கவுண்டரில் நிற்பவருக்குத் தெரிந்ததெல்லாம், திரையில் ஒரு முகம், எதிரே ஒரு முகம், அப்புறம் "இவர் திருடர்" என்று அர்த்தம் தரும் ஒரு செய்தி. அவ்வளவுதான். அதை நம்பி ஆட்களைப் பின்தொடர்ந்தார்கள், வெளியே போகச் சொன்னார்கள், சிலருக்குப் போலீசைக் கூப்பிட்டார்கள். 11 வயதுச் சிறுமி ஒருத்தியை நிறுத்திச் சோதனை போட்டார்கள். பொருத்தம் தவறு. பிள்ளை அழுது கலங்கியதில் தாயார் அன்று வேலைக்கே போகமுடியவில்லை. இன்னொரு கடையில் கறுப்பினப் பெண் ஒருவருக்காகப் போலீசை அழைத்தபிறகு பட்டியலில் இருந்த படத்தைப் பார்த்தால், அது பொன்னிறக் கூந்தல் கொண்ட வெள்ளைக்காரப் பெண்ணின் படம்.

இதில் எந்த மென்பொருள் ஒப்பந்தத்திலும் வரக்கூடிய ஒரு வரி இருக்கிறது. மென்பொருளை விற்ற நிறுவனம் ஒன்று, தன் பொருளின் துல்லியத்துக்கோ நம்பகத்தன்மைக்கோ தான் எந்த உத்தரவாதமும் தரவில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. ஒளித்துவைக்கவில்லை, எழுதியே கொடுத்திருந்தது. அதைப் படித்த பிறகும், "சரி, இதைப் பரிசோதித்திருக்கிறீர்களா? எத்தனை தடவை தப்பு வரும்?" என்று ரைட் எய்ட் கேட்டதாகப் பதிவு இல்லை. தவறான எச்சரிக்கைகள் எத்தனை என்று தானும் முறையாகக் கணக்கு வைக்கவில்லை.

இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கற்பனைக் கணக்குதான். ஒரு கடைக்கு ஒரு நாளில் 1,000 பேர் வருகிறார்கள், அவர்களில் பழைய திருடர் 1 ஆள் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் 99 சதவீதம் சரியாகச் சொல்லும் என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் மீதி 999 நிரபராதிகளில் 1 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 10 பேர். ஆக, அன்று அடிக்கும் 11 எச்சரிக்கைகளில் 10 தவறு. "99 சதவீதம்" என்ற அதே எண், கவுண்டரில் நிற்கும் ஊழியரிடம் வந்து சேரும்போது பதினொன்றுக்குப் பத்து தவறாக மாறிவிடுகிறது. தேடும் ஆள் அபூர்வமாக வரும் இடத்தில் எந்தக் கருவிக்கும் இதே கதிதான். கடன் மோசடியைப் பிடிக்கும் மென்பொருள், ஊழியர் பொய் சொல்கிறாரா என்று பார்க்கும் மென்பொருள், எதுவானாலும் சரி. கொட்டேஷனில் இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டமாட்டார்கள். வாங்குபவர்தான் போட வேண்டும்.

அந்தத் தவறும் எல்லார் மேலும் சமமாக விழுவதில்லை. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2019 டிசம்பரில் 189 முக அடையாள அல்காரிதங்களைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. இரண்டு முகங்கள் ஒன்றா என்று பார்க்கும் சோதனையில், பல அல்காரிதங்கள் வெள்ளையரைவிட ஆசிய, ஆப்பிரிக்க அமெரிக்க முகங்களில் 10 முதல் 100 மடங்குவரை அதிகமாகத் தவறான பொருத்தம் காட்டின. சுவாரஸ்யம் என்னவென்றால், ஆசிய நாடுகளில் உருவான சில அல்காரிதங்களில் ஆசியருக்கும் வெள்ளையருக்கும் இடையே அந்தப் பெரிய இடைவெளி இல்லை. எந்த முகங்களைக் காட்டிப் பழக்கினார்களோ, அந்த முகங்களில் கருவி தேறுகிறது. ரைட் எய்ட் கடைகளில் பெரும்பாலானவை வெள்ளையர் அதிகம் வாழும் பகுதிகளில் இருந்தன. ஆனால் முக அடையாளக் கருவி வைத்த கடைகளை எடுத்தால், பாதிக்கு மேல் வெள்ளையர் அல்லாதோர் அதிகம் வாழும் பகுதிகளில் இருந்தன. கருவி எங்கே அதிகம் தடுமாறுமோ அங்கேயே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. யாரும் வரைபடத்தை எடுத்துப் பார்க்கவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

முடிவு என்ன ஆனது? குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லை என்று ரைட் எய்ட் சொன்னது. சில கடைகளில் மட்டும் நடத்திய சோதனை முயற்சி அது, விசாரணைக்கு முன்பே நிறுத்திவிட்டோம் என்றது. ஆனாலும் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. கண்காணிப்புக்காக முக அடையாளத்தைப் பயன்படுத்த ஐந்தாண்டுத் தடை. சேகரித்த படங்களை அழிக்க வேண்டும். அதோடு அந்தப் படங்களை வைத்து உருவான மென்பொருள் மாதிரிகளையும் அல்காரிதங்களையும் அழிக்க வேண்டும். இந்தக் கடைசி வரியைத் தொழில் நடத்துபவர்கள் இரண்டு தடவை படிப்பது நல்லது. தவறாகச் சேர்த்த தரவிலிருந்து வந்த சொத்தும் சேர்ந்தே போகும் என்பது இதன் பொருள். அபராதம் கட்டிவிட்டு அதே மென்பொருளை ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

இன்னொரு விஷயம், அது இதைவிட மோசம். 2010-இலேயே ரைட் எய்ட் இதே ஆணையத்திடம் ஒருமுறை சிக்கியிருந்தது. வாடிக்கையாளர் பெயர் ஒட்டிய மருந்துச் சீட்டுகளையும் வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் படிவங்களையும் திறந்த குப்பைத்தொட்டியில் போட்டதற்காக. தரவுப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை நடத்துவோம், தரவைக் கையாளும் வெளி நிறுவனங்களையும் சரிபார்ப்போம் என்று அப்போதே ஒப்புக்கொண்டது. இரண்டே ஆண்டில் முக அடையாளக் கருவி வந்துவிட்டது. காகிதக் குப்பையைச் சரியாகக் கையாளத் தெரியாத நிறுவனம், மாற்றவே முடியாத ஒரு தரவை, மனித முகத்தை, கையில் எடுத்தது. புதுக் கருவி வாங்கும்முன் நிறுவனங்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்று எனக்குப் படுகிறது: ஏற்கெனவே கையில் இருப்பதை ஒழுங்காக வைத்திருக்கிறோமா?

இத்தனை சொல்லிவிட்டு, அப்படியானால் முக அடையாளமே கூடாதா என்று கேட்கலாம். அதற்கு நியூசிலாந்தைப் பார்க்க வேண்டும்.

அங்கே நியூ வேர்ல்டு, பாக்ன்சேவ் என்ற பெயர்களில் சூப்பர் மார்க்கெட்டுகள் நடத்தும் ஃபுட்ஸ்டஃப்ஸ் நார்த் ஐலண்ட் நிறுவனம் 2024-இல் 25 கடைகளில் இதே வகைக் கருவியைச் சோதித்தது. ஊழியர்களை அடிப்பது, மிரட்டுவது அங்கே பெரிய தலைவலி. ஆனால் நாட்டின் தனியுரிமை ஆணையரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவருடைய கண்காணிப்பிலேயே அதைச் செய்தது. வாசலில் அறிவிப்புப் பலகை வைத்தார்கள். பட்டியலில் இல்லாதவரின் முகப் பதிவு ஒரு நிமிடத்துக்குள் அழிந்துவிடும். 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. ஒரு கடையின் பட்டியல் இன்னொரு கடைக்குப் போகாது. எச்சரிக்கை வந்தால் பயிற்சி பெற்ற ஊழியர்கள் இருவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் நடவடிக்கை. பாதி வழியில் தவறு தெரியவந்ததும், பொருத்தம் என்று ஏற்கத் தேவையான மதிப்பெண்ணை 90 சதவீதத்திலிருந்து 92.5-க்கு உயர்த்தினார்கள்.

அந்த மதிப்பெண் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முக அடையாள மென்பொருள் "இவர்தான்" என்று ஒருபோதும் சொல்வதில்லை. இந்த முகமும் அந்த முகமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒரு எண்ணைத் தருகிறது. எந்த எண்ணுக்கு மேல் மணி அடிக்க வேண்டும் என்பதை மனிதர்தான் முடிவு செய்கிறார். எண்ணைக் குறைத்தால் திருடர் தப்புவது குறையும், ஆனால் அப்பாவிகள் மாட்டுவது கூடும். உயர்த்தினால் தலைகீழ். ஆக, அது வெறும் தொழில்நுட்ப செட்டிங் இல்லை. எத்தனை திருடரைப் பிடிக்க எத்தனை அப்பாவிகளைச் சங்கடப்படுத்தலாம் என்ற முடிவு அது. பல நிறுவனங்களில் இந்த முடிவை எடுப்பது கருவியைப் பொருத்த வந்த இளைஞர், அதுவும் செட்டிங்ஸ் பக்கத்தில் ஏற்கெனவே இருந்த எண்ணை அப்படியே விட்டுவிட்டு. நிர்வாகக் குழுவுக்கு அப்படி ஒரு எண் இருப்பதே தெரியாது.

நியூசிலாந்து ஆணையரின் அறிக்கை 2025 ஜூனில் வந்தது. மோசமான சம்பவங்கள் சுமார் 16 சதவீதம் குறைந்திருந்தன. சோதனை சட்டத்துக்கு உட்பட்டே நடந்தது என்றார் ஆணையர். ஆனால் கைதட்டி அனுப்பவில்லை. கடைக்கு வரும் ஒவ்வொருவரின் முகத்தையும் படிப்பது கடுமையான ஊடுருவல்தான் என்றும், பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்ததால்தான் அதை ஏற்க முடிந்தது என்றும், மென்பொருள் அந்நாட்டு மக்களின் முகங்களில் பழகியதல்ல என்பதால் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கும் பசிபிக் தீவு மக்களுக்கும் என்ன ஆகும் என்ற கவலை தீரவில்லை என்றும் எழுதினார். அந்தக் கவலைக்குக் காரணம் இருந்தது. இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் ரோட்டோருவா நகரில் மாவோரி பெண் ஒருவரைத் தவறாக அடையாளம் கண்டு வெளியேறச் சொல்லியிருந்தார்கள்.

கருவி ஒரே வகைதான். திருட்டும் அடிதடியும் இரண்டு நாட்டிலும் உண்டு. வேறுபாடு எங்கே வந்தது? வாங்குவதற்கு முன்பே "தவறினால் யார் தலையில் விடியும்?" என்ற கேள்வியை ஒருவர் கேட்டார், இன்னொருவர் கேட்கவில்லை. பெரும்பாலான தொழில்நுட்பக் கொள்முதலில் பலன் ஒரு பக்கம் போகிறது, இழப்பு இன்னொரு பக்கம் போகிறது. திருட்டு குறைந்தால் லாபம் நிறுவனத்துக்கு. மணி தவறாக அடித்தால் அவமானம் அந்தச் சிறுமிக்கு. கையெழுத்துப் போடும் கூட்டத்தில் அந்தச் சிறுமி இல்லை. தனியுரிமை, பாதுகாப்பு, அறம் என்று தனித்தனித் தலைப்பில் பேசுகிறோமே, மூன்றுக்கும் அடியில் கிடப்பது இந்த ஒரு சங்கடம்தான். ஆபத்தை எடைபோடுபவர் வேறு, சுமப்பவர் வேறு. எடைபோடும் முறைகள் எல்லாம், ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுச் சட்டம் கேட்கும் முன்மதிப்பீடு உட்பட, அந்த இல்லாத ஆளைக் கூட்டத்துக்குள் கொண்டுவரும் முயற்சிகள்தான். படிவம் நிரப்பும் சடங்காக அதைச் செய்தால் அவர் வரமாட்டார்.

பாதுகாப்பு என்று வரும்போது இது வேறு முகத்தில் தெரியும். 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி கார்டுகளின் விவரம் திருடுபோனது. அதற்கு மேல் 7 கோடிப் பேரின் பெயர், முகவரி போன்றவையும் போயின. திருடர்கள் முன்வாசல் வழியாக வரவில்லை. டார்கெட் கடைகளுக்குக் குளிர்பதன வேலை பார்த்த ஒரு சின்ன ஒப்பந்த நிறுவனத்துக்கு, பில் அனுப்பவும் வேலை விவரம் பதியவும் டார்கெட்டின் கணினி வலையமைப்புக்குள் நுழைய அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. அந்த நிறுவன ஊழியருக்கு ஒரு போலி மின்னஞ்சல் அனுப்பி, பாஸ்வேர்டைப் பறித்து, அந்த வழியே உள்ளே வந்தார்கள். பில் போடும் பகுதியிலிருந்து கார்டு தேய்க்கும் இயந்திரம் வரை உள்ளுக்குள் நடந்துபோக வழி இருந்தது. ஏசி ரிப்பேருக்கு வருபவரிடம் கல்லாவின் சாவியும் சேர்ந்த கொத்தைக் கொடுத்துவிட்ட கதை.

இந்தக் கதையில் நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பங்கு உண்டு. சில மாதங்களுக்கு முன்புதான் டார்கெட் 16 லட்சம் டாலர் கொடுத்து ஊடுருவலைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்றை வாங்கியிருந்தது. அது வேலை செய்தது! கண்காணிப்புக் குழு பெங்களூரில் இருந்தது. நவம்பர் கடைசியில் எச்சரிக்கை வந்ததும் பெங்களூர்க் குழு அதைப் பார்த்து, மினியாபொலிஸில் உள்ள தலைமை அலுவலகக் குழுவுக்குச் சொல்லிவிட்டது. அங்கே யாரும் அசையவில்லை. திருட்டு டிசம்பர் நடுப்பகுதிவரை நடந்தது. அடுத்த மே மாதம் தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். 2017-இல் 47 மாநிலங்களுடன் 1.85 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. கருவிக்குப் பணம் ஒதுக்கினார்கள். கருவி மணி அடித்தால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து இயந்திரத்தை நிறுத்த யாருக்கு அதிகாரம் என்பதை முடிவு செய்யவில்லை. கொள்முதல் ஆவணத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இருந்திருக்காது.

டார்கெட்டும் ரைட் எய்டும் பணம் கொடுத்து, ஒப்பந்தம் போட்டு வாங்கியவை. இப்போது அதுவும் இல்லை. 2023-இல் சாம்சங்கின் பொறியாளர்கள் சிலர், பிழை திருத்த உதவி கேட்டு நிறுவனத்தின் ரகசிய நிரல்களைச் சாட்ஜிபிடியில் ஒட்டினார்கள். அந்த மே மாதமே அத்தகைய கருவிகளுக்கு நிறுவனம் தடை போட்டது. யாரும் அதை "வாங்க" முடிவெடுக்கவில்லை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நல்ல எண்ணத்தில் ஊழியர்களே எடுத்துக்கொண்டார்கள். ஆடிட்டர் அலுவலகங்களிலும் மருத்துவப் பரிசோதனைக் கூடங்களிலும் நடக்கக்கூடியதும் இதுதான். வாடிக்கையாளரின் பேங்க் ஸ்டேட்மெண்டைப் போட்டு "சுருக்கிச் சொல்" என்று கேட்க ஒரு நிமிடம் போதும். தடை போட்டால் கைப்பேசியில் செய்வார்கள். எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதி, அனுமதித்த கருவி ஒன்றையும் கொடுத்துவிடுவது தடையைவிட உருப்படியான வழி.

இனி நம் ஊர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள் டெலிகிராம் செயலியில் தானாகப் பதில் தரும் 'பாட்' (bot) நிரல்கள் வழியாகக் கிடைக்கின்றன என்று 2024 செப்டம்பரில் செய்தி வந்தது. பெயர், முகவரி, வரி விவரம், கிளெய்முக்குக் கொடுத்த மருத்துவ அறிக்கை எல்லாம். டெலிகிராமையும் ஹேக்கரையும் எதிர்த்து நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கியது. தன் மீது திட்டமிட்ட சைபர் தாக்குதல் நடந்ததாகப் பிறகு அதுவே ஒப்புக்கொண்டது. நிறுவனமும் இதில் பாதிக்கப்பட்டதுதான், மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம், கார்டு போனால் பேங்கில் புதிது தருவார்கள். சிறுநீரகத்தில் என்ன பிரச்சினை என்று எழுதிய அறிக்கை போனால்? அதற்கு மாற்று இல்லை. பெண் பார்க்க வரும் வீட்டாருக்கோ, வேலை தரப்போகும் முதலாளிக்கோ அது தெரிந்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

அதனால்தான், சேர்க்காத தரவு திருடு போகாது என்ற சாதாரண உண்மைக்கு இவ்வளவு மதிப்பு. மருந்துக்கடை, துணிக்கடை, செருப்புக்கடை எங்கே போனாலும் "போன் நம்பர் சொல்லுங்க சார்" என்கிறார்கள். நம்பர் இல்லாமல் பில் போகாது என்று கணினி மேல் பழியைப் போடுகிறார்கள். நம்பர் கொடுக்காவிட்டால் விற்கமாட்டோம் என்று வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது. கேட்பது நிற்கவில்லை. கவுண்டரில் நிற்கும் பெண் என்ன செய்வார், பில்லிங் மென்பொருளில் அந்தக் கட்டம் நிரப்பினால்தான் அடுத்த கட்டம் திறக்கும். அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கியது யார் என்று கேட்டால், பெரும்பாலும் முதலாளி இல்லை. மென்பொருள் விற்றவர் வைத்தது, முதலாளி மாற்றச் சொல்லவில்லை. மேலே சொன்ன மதிப்பெண் கதைதான் இதுவும், சின்ன அளவில். மருந்துக்கடையில் இது வெறும் நம்பர் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கா, மனச்சோர்வுக்கா, எச்.ஐ.வி.க்கா, எதற்கு மருந்து வாங்கினார் என்பதும் அந்த நம்பரோடு ஒட்டிக்கொள்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. தரவைக் காக்க நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யாவிட்டால் 250 கோடி ரூபாய்வரை அபராதம். கசிவு நடந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்லியாக வேண்டும். என்ன தரவை எதற்காக வாங்குகிறோம் என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வாய்ப்புத் தர வேண்டும். ஆக, தமிழிலும் கேட்கலாம்.

தொழில் நடத்துபவர்கள் கவனிக்க வேண்டிய பிரிவு இன்னொன்று. வாடிக்கையாளரின் தரவை வெளி நிறுவனம் ஒன்று உங்களுக்காகக் கையாண்டாலும் பொறுப்பு உங்களுடையது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி. "அது கிளவுட்காரன் தப்பு" என்று கைகழுவ முடியாது. ரைட் எய்ட் ஒப்பந்தத்தில் இருந்த மாதிரி "உத்தரவாதம் இல்லை" என்ற வரி, விற்பவரைக் காப்பாற்றலாம். வாங்கியவரைக் காப்பாற்றாது.

ஆனால் நான் மேலே சொன்ன சங்கடத்தை இந்தச் சட்டம் தீர்க்கவில்லை, ஒரு விதத்தில் கூட்டியிருக்கிறது. அந்த 250 கோடி யாருக்குப் போகும்? இந்திய அரசின் தொகுப்பு நிதிக்கு. தரவு கசிந்து அவதிப்பட்டவருக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. நிறுவனத்தின் அலட்சியத்தால் அந்தரங்கத் தரவு கசிந்து நஷ்டம் ஏற்பட்டால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வழி செய்யும் பிரிவு அது. அதிகம் பயன்படவில்லை, உண்மைதான். ஆனாலும் இருக்கிறது. புதுச் சட்டத்தின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வரும்போது அது நீங்கிவிடும். நிறுவனத்துக்கு அரசைக் கண்டு பயம் வரும். வாடிக்கையாளரைக் கண்டு வர இன்னும் காரணம் இல்லை. சட்டம் எழுதியவர்கள் இதைத் தெரிந்தேதான் செய்தார்கள் என்பதால், திருத்துவார்கள் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

அதுவரை மிச்சம் இருப்பது கொள்முதல் மேசைதான். பெரிய நிறுவனத்துக்குத் தரவுப் பாதுகாப்பு அதிகாரி, வெளித் தணிக்கையாளர், மதிப்பீட்டு அறிக்கை எல்லாம் உண்டு. மதுரையில் நான்கு கிளை வைத்திருக்கும் மருந்துக்கடைக்காரரோ, திருப்பூரில் வருகைப்பதிவுக்கு முகம் படிக்கும் இயந்திரம் வாங்கப்போகும் பனியன் கம்பெனியோ என்ன செய்வது? டெமோ பார்க்க அலுவலக அறையில் உட்காரக் கூடாது என்பேன். அங்கே நல்ல வெளிச்சத்தில், நாலு பேர் முகத்தில் எந்தக் கருவியும் ஜோராக ஓடும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேட்டில் மாட்டிப் பாருங்கள். பின்னால் வெயில், முகத்தில் பஞ்சுத் துகள், வரிசையில் நூறு பேர், ஒவ்வொருவருக்கும் அவசரம். எத்தனை பேரை அடையாளம் தெரியவில்லை என்று திருப்பி அனுப்புகிறது என்று எண்ணுங்கள். திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அன்றைய கூலி எப்படிப் பதிவாகும் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். மனிதர் ஒருவர் கையால் திருத்த வழி இல்லாத இயந்திரம் என்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது மலிவு இல்லை. கார்டு தேய்த்தே வருகை பதியலாம் என்றால் முகம் எதற்கு என்ற கேள்வியும் அங்கேயே கேட்க வேண்டியது. ஒருவர் கார்டை இன்னொருவர் தேய்க்கிறார் என்பதுதான் பதிலென்றால், அது எத்தனை பேர், அதனால் நஷ்டம் எவ்வளவு என்று ஒரு கணக்காவது வேண்டும்.

விற்பவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை சில. தரவு எங்கே சேமிக்கப்படுகிறது, அதை வேறு யார் பார்க்க முடியும், எங்கள் ஆட்களின் முகத்தை வைத்து உங்கள் மென்பொருளைப் பழக்குவீர்களா, கசிவு நடந்தால் எத்தனை மணி நேரத்தில் எங்களுக்குச் சொல்வீர்கள், ஒப்பந்தம் முடிந்தால் எல்லாவற்றையும் அழித்ததற்குச் சான்று தருவீர்களா. கடைசிக் கேள்விக்குத்தான் அதிகம் திணறுவார்கள். சேர்ப்பதற்கு எல்லா மென்பொருளிலும் பொத்தான் உண்டு, அழிப்பதற்குப் பலவற்றில் இல்லை.

இந்த மாதிரிக் கருவிகள் பெரும்பாலும் மூன்றாண்டுச் சந்தாவில் விற்கப்படுகின்றன, மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடியும் உண்டு. இப்போது கையெழுத்தாகும் அப்படி ஒரு ஒப்பந்தம் 2027 மே மாதத்தைத் தாண்டித்தான் முடியும். அந்தத் தேதிக்குப் பிறகு பொறுப்பு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம்.